மிஸ் ராசநாயகம் உடைத்த மேடை

செய்தி வந்தபோது நான் அந்த மேடையின் மேல்தான் நின்றுகொண்டிருந்தேன். முதலாமாண்டுப் பிள்ளைகளுக்கு ஒத்திகை. கைப்பேசியை வெளியே வைத்துவிட்டு வரவேண்டும் என்று அவர்களுக்கு உபதேசம் செய்துவிட்டு, என்னுடையதை மட்டும் சட்டைப் பையில் வைத்திருந்தேன். பணியாளர் புலனக் குழுவில் போதகர் தேவசகாயம் இரண்டே வரிகள் போட்டிருந்தார். மிஸ் ராசநாயகம் அன்று காலை குளுவாங்கில் தங்கை வீட்டில் கர்த்தருக்குள் நித்திரை அடைந்துவிட்டார், அடக்க ஆராதனை நம் வளாகச் சிற்றாலயத்திலேயே நடக்கும் என்று. நான் மேடை ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பிள்ளைகள் ஆடிக்கொண்டே இருந்தார்கள். அவர் ஓய்வு பெற்றுப் போன பிறகு சேர்ந்தவர்கள். அவரை ஒருநாளும் பார்த்ததில்லை. அவர்களை நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எஸ்தர் ராசநாயகத்தை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பொதுப்பணித் துறையில் பொறியாளராக முப்பது வருடத்துக்கு மேல் இருந்தவர். ஜொகூர் மாநிலத்தில் நீங்கள் படித்த பள்ளியின் மண்டபமோ, உங்கள் பிள்ளைக்குத் தடுப்பூசி போட்ட சுகாதார நிலையமோ அவர் மேற்பார்வையில் எழுந்ததாக இருக்கலாம். தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே வேலைக்கு வந்தவர். அந்த ஊரைப் பேத்தி கண்ணால் பார்த்ததில்லை என்றாலும் பேச்சில் மட்டும் அதைக் கடைசிவரை வைத்திருந்தார். அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், ஆயர் ஈத்தாம் போகும் வழியில் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் எங்கள் சிறிய கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்துக்குக் கட்டடப் பிரிவுத் தலைவராக வந்தார். அந்த வளாகச் சபை அவர் பெற்றோர் காலத்திலிருந்தே அவர் குடும்பத்தின் சபை. எங்கள் சிற்றாலயத்தையும், மாணவர் ஊழிய அறைகளையும், கலையரங்கத்தையும் இரண்டு வருடத்தில் புதுப்பித்துக் கொடுத்தார். நான் அங்கே நிகழ்கலைத் துறைத் தலைவன். பண்டார் தெங்காரா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்களின் பேரன், இந்து, வாய் கொஞ்சம் நீளம். இந்த மூன்றையும் அவர் பொறுத்துக்கொண்டார் என்று சொல்லமுடியாது. முதல் இரண்டையும் அவர் கவனிக்கவே இல்லை. மூன்றாவதை மட்டும் அடிக்கடி கண்டித்தார்.

அடக்க ஆராதனைக்குக் கூட்டம் கொள்ளவில்லை. முடிந்து வெளியே தேநீர் கொடுத்தார்கள். பல்கலைக்கழகப் பேரவையின் பழைய உறுப்பினர் ஒருவர், நல்ல மனத்தோடுதான், "எத்தன கட்டடம் கட்டியிருப்பாங்க! ஒரே ஒரு எடத்துலதான் மிஸ் சறுக்கிட்டாங்க. அந்த மேடை. என்ன செய்யிறது, மனுசங்கதானே," என்றார். சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். நானும் அங்கேதான் நின்றேன். வாயில் கறிபாப் இருந்தது என்று வேண்டுமானால் சாக்குச் சொல்லிக்கொள்ளலாம். வீடு திரும்பும் வழியெல்லாம் என்மேலேயே எனக்கு எரிச்சல். ஏனென்றால் அந்த மேடையில் நேர்ந்த தவறு அவருடையது மட்டும் அல்ல. சொல்லப்போனால் முதலில் அது என்னுடையது. உங்களுக்கு இதை எழுதுவது அவரைப் புகழ்வதற்கு மட்டும் அல்ல, அவர் பெயரில் ஒட்டிக்கொண்ட அந்தக் கதையைத் திருத்துவதற்கும்தான்.

அவரோடு எனக்கு முதல் அறிமுகம் ஒரு கூட்டத்தில். அன்று எங்கள் இரண்டு கட்டடங்களும் இருந்த கோலம் உங்களுக்கு நினைவிருக்கும். சிற்றாலயத்துக் கூரை ஒழுகும். மழை நாளில் பாடகர் குழுவுக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு வாளியும் சேர்ந்து தாளம் போடும். பக்கத்துக் கலையரங்கத்தில் கரையான் தின்ற மரமேடை. ஒத்திகையில் எங்கள் அனுமாருடைய கால் முழங்கால்வரை பலகைக்குள் இறங்கிவிட்டது. சிற்றாலயத்தைச் சரிசெய்யப் பேரவைக்குச் சம்மதம். கலையரங்கத்தை மட்டும் மூடி விரிவுரை மண்டபம் ஆக்கிவிடலாம் என்று பேச்சு. "கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்துக்கு ஆட்டமும் கூத்தும் எதுக்கு? பாட்டுன்னா பாடகர் குழு இருக்கு," என்றார் ஒருவர். நான் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தேன். எதிரே உட்கார்ந்திருந்த ஒல்லியான அம்மையார், அதுவரை ஒரு வார்த்தை பேசாதவர், தலையைத் தூக்காமலே சொன்னார்: "மாஸ்டர், இருங்கோ. கோவத்துக்குக் கூரை போடேலாது." எனக்கு அவர்மேலும் கோபம் வந்தது. ஆனாலும் உட்கார்ந்தேன்.

அடுத்த கூட்டத்துக்கு அவர் ஒரே ஒரு வரைபடத்தோடு வந்தார். அதில் இரண்டு கட்டடங்களுக்கும் சேர்த்து ஒரே கூரை. மின்சார அறை ஒன்று, கழிப்பறை வரிசை ஒன்று, நடுவில் ஒரு நடைக்கூடம். அந்த நடைக்கூடத்தில் ஒரு பக்கம் மாணவர் ஊழிய அறைகளின் கதவு, மறுபக்கம் ஒப்பனை அறையின் கதவு. உறுப்பினர்கள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். "மிஸ், இந்தக் கலையரங்கப் பக்கத்த மட்டும் பிறகு செஞ்சுக்கலாமா?" என்று ஒருவர் கேட்டார். "செய்யலாம்," என்றார் இவர். "அப்ப சிற்றாலயத்தில லைட் எரியாது." கூட்டம் முடிந்தது. மூன்று வருடம் கடிதம் எழுதியும் கத்தியும் என்னால் ஆகாததை அவர் ஒரு பென்சிலால் முடித்துவிட்டார். நன்றி சொல்லப் போனேன். "எனக்கு டான்ஸ் விளங்காது, மாஸ்டர். ஆனா பிள்ளையள் ஆடுற இடம் இடிஞ்சு கிடக்க, நான் பக்கத்தில போய்ச் செபம் பண்ணேலாது," என்று சொல்லிவிட்டுத் தன் காரைத் தேடிப் போய்விட்டார்.

முதலில் சிற்றாலயத்தின் கூரையைப் பிரித்தார்கள். அதனால் ஞாயிறு ஆராதனை சில மாதம் எங்கள் கலையரங்கத்துக்கு வந்தது. அந்த நேரம் பார்த்து நான் ஒரு நாடகம் போட்டுக்கொண்டிருந்தேன். களம், தோட்டத்துக் கள்ளுக்கடை. மேடை முழுக்கத் தகரக் கொட்டகை, மரப்பெஞ்சு, கள் குடிக்கும் மங்கு, 'கள் கடை' என்று கொட்டை எழுத்தில் பலகை. போதகர் தேவசகாயம் என் அறைக்கு வந்து மெதுவாகக் கேட்டார்: "மாஸ்டர், உங்க கடைய ஞாயித்துக்கிழம மட்டும் மூட முடியுமா?" காட்சி அமைப்பைப் பிரித்தால் மறுபடி கட்ட நான்கு நாளாகும். நான் மூக்கைச் சிந்தாத குறையாக மிஸ்ஸிடம் ஓடினேன். அவர் வந்து பார்த்தார். கொட்டகையின் காலை ஆட்டிப் பார்த்து, அதில் ஆணி சரியாக அடிக்கப்படவில்லை என்று என்னைத் திட்டினார். பிறகு போதகரிடம், "ஐயா, அந்தக் கடையில இருந்த சனத்துக்கும் சேத்துத்தானே நீங்க பிரசங்கம் பண்ணுறியள்? அது இருக்கட்டும்," என்றார். போதகரும் சளைத்தவர் அல்ல. ஞாயிற்றுக்கிழமை மேடை ஏறியவர் பின்னால் திரும்பிப் பலகையைப் பார்த்துவிட்டு, "நாம இன்னிக்குக் கடை தொறக்கறதுக்கு முன்னாடியே வந்துட்டோம்," என்று ஆரம்பித்தார். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. இரண்டாவது வரிசையில் மிஸ் மட்டும் சிரிக்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், எங்கேயாவது ஒழுகுகிறதா என்று.

அந்த நாடக வேலை மும்முரத்தில்தான் புதிய மேடையின் வரைபடங்கள் என்னிடம் வந்தன. பயன்படுத்தும் துறையின் தலைவர் பார்த்து, சரி என்று கையெழுத்திட வேண்டும். மிஸ் மேலே ஒரு சிறு தாள் ஒட்டியிருந்தார்: "தளத்தைத் தயவுசெய்து பாருங்கள்." மூன்று நாள் கழித்து நேரில் கேட்டார். "தளம் பாத்தியளோ?" பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். மறுநாள் தொலைபேசியிலும் கேட்டார். இத்தனை தடவை கேட்டால் எனக்கு வீம்பு வந்துவிடும். நான் என்ன செய்தேன் தெரியுமா? விளக்குகள் இருக்கும் பக்கத்தை மட்டும் புரட்டினேன். நான் கேட்ட அத்தனை விளக்கும் இருந்தன. சந்தோஷத்தில் எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பிவிட்டேன். தளம் இருக்கும் பக்கத்திலும் போட்டேன். அதில் என்ன எழுதியிருந்தது என்று அப்போது எனக்குத் தெரியாது.

அதில் எழுதியிருந்தது கான்கிரீட். முப்பது வருடமாக மாநிலம் முழுக்கப் பள்ளி மண்டபம் கட்டியவர் அப்படித்தானே நினைப்பார்? பரிசளிப்பு விழாவுக்கும் தலைமையாசிரியர் பேச்சுக்கும் கான்கிரீட் மேடையைவிட நல்லது கிடையாது. கரையான் வராது, கழுவிவிடலாம், நூறு பேர் ஏறினாலும் அசையாது. ஆடுகிற காலுக்கு மட்டும் அது எமன். அதை நான் சொல்லவேண்டும் என்பதற்காகத்தான் அந்தத் தாளை அவர் என்னிடம் அனுப்பினார். தனக்கு எது தெரியாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. மேடை எழும்பியது. பளபளவென்று, மேலே கறுப்பு விரிப்போடு, பார்க்க ராஜா மாதிரி இருந்தது. நான் விளக்குகளை எண்ணிப் பார்த்துப் பூரித்துப் போனேன். ஒப்படைக்கும்வரை காத்திராமல் அதிலேயே ஒத்திகையும் தொடங்கிவிட்டேன்.

இங்கே அவருடைய ஒரு பழக்கத்தைச் சொல்லவேண்டும். எந்தக் கட்டடத்தையும் ஒப்படைக்கும் முன், அதைப் பயன்படுத்தப் போகிறவர் போல ஒரு முழு வேலைநாள் அவர் அங்கே இருந்து பார்ப்பார். சுகாதார நிலையம் என்றால் நோயாளியாக, பள்ளி என்றால் கடைசி பெஞ்சு மாணவியாக. சிற்றாலயம் முடிந்ததும் காலை எட்டு மணிக்குப் பாட்டுப் புத்தகத்தோடு உள்ளே போனார். அரைமணிக்கு ஒரு நாற்காலி மாறி உட்கார்ந்தார். முழங்காலில் நின்றார். சக்கர நாற்காலியில் ஏறிப் பீடம் வரை போய்வந்தார். பத்து மணி சுமாருக்கு உள்ளேயிருந்து, "லிம்!" என்று ஒரு சத்தம். லிம், கட்டட வேலையின் மேஸ்திரி, பெக்கான் நானாஸ்காரர். தமிழ்க் குடும்பங்களுக்கு நடுவே வளர்ந்த சீனர், நம் பாஷையை நம்மைவிட வேகமாகப் பேசுவார். ஓடினார். பிரசங்க மேடைக்கு மேலே விளக்கு. அதற்குக் கீழே காற்றாடி. காற்றாடி சுற்றும்போது வெளிச்சம் வெட்டி வெட்டிப் புத்தகத்தின்மேல் விழுந்தது. "போதகர் அரைமணித்தியாலம் வாசிச்சாரெண்டால் தலை சுத்தி விழுவார்," என்றார் மிஸ். அன்றே காற்றாடி இடம் மாறியது. எங்கள் போதகர் இன்றைக்கும் முக்கால்மணி நேரம் பிரசங்கம் செய்கிறார் என்றால் அதற்கு மிஸ்ஸும் ஒரு காரணம். அதற்காக அவரைக் குறைசொல்கிறவர்களும் உண்டு.

அடுத்த வாரம் மேடையின் முறை. எங்கள் மூன்றாமாண்டு மாணவி கவிதாவையும் என்னையும் காலை எட்டு மணிக்கு வரச் சொன்னார். முழுக்கால் சட்டையும் பழைய சட்டையுமாக வெறுங்காலோடு நின்றார். அறுபத்து மூன்று வயது. "இவ என்ன செய்யிறாவோ அதை நானும் செய்யவேணும்," என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கவிதா தட்டடவு தொடங்கினாள். மிஸ் அவள் பக்கத்தில் நின்று, தாளம் எங்கேயோ போக, கால் எங்கேயோ போக, ஆனால் விடாமல் தட்டினார். இடையில் தண்ணீர் குடிப்பார், பிறகு மறுபடி. பகல் சாப்பாட்டுக்குப் பின்னும் அவர் விடவில்லை. மூன்று மணி இருக்கும், உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொண்டார். இரண்டு முழங்காலும் பன் ரொட்டி மாதிரி வீங்கியிருந்தன.

"உனக்கும் இப்பிடி நோகுமோ, பிள்ளை?" என்று கவிதாவைக் கேட்டார்.

"தெனமும் வலிக்கும் மிஸ். இந்தத் தரைக்கு வந்ததுல இருந்து. ராத்திரி ஐஸ் வச்சிட்டுத்தான் படுப்பேன்."

"மாஸ்டருக்குச் சொன்னனியோ?"

கவிதா என்னைப் பார்த்தாள். சொல்லியிருந்தாள். இரண்டு தடவை. போகப் போகப் பழகிவிடும், என் காலத்தில் நாங்கள் தார் ரோட்டிலேயே ஆடினோம் என்று வீரவசனம் பேசி அனுப்பியிருந்தேன். மிஸ் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, லிம்மைக் கூப்பிட்டு, மேடையைக் காட்டினார்.

"லிம், இதை உடையுங்கோ."

"அலமாக், மிஸ்! புதுசு லா இது! நான் போட்டத நானே ஒடைக்கிறதா?"

"நான் சொல்லித்தானே போட்டனீங்கள். நான் சொல்லித்தானே உடைக்கப் போறியள். உங்களுக்கென்ன?"

கான்கிரீட்டின் மேலேயே மரத்தைப் போட்டுவிடலாமே என்று நான் கேட்டேன். அப்படிப் போட்டால் மேடை ஒரு சாண் உயர்ந்துவிடும். சக்கர நாற்காலி ஏறுவதற்கென்று அவர் போட்டிருந்த சாய்தளம் மேடைக்கு எட்டாமல் போகும். ஒரு பிள்ளையின் முழங்காலைக் காப்பாற்ற இன்னொரு பிள்ளையை வெளியே நிறுத்தமுடியாது என்றார். திறப்பு விழாவுக்கு ஐந்து வாரம் இருந்தது. மறுநாள் காலை சுத்தியல் சத்தம் வளாகம் முழுக்கக் கேட்டது. பேரவை அவசரக் கூட்டம் கூட்டியது.

அந்தக் கூட்டத்தைப் பற்றித்தான் நான் இத்தனை வருடம் யாரிடமும் பேசியதில்லை. மிஸ் தடி ஊன்றி வந்தார். கையில் வரைபடக் கோப்பு. புதிதாகப் போட்ட தளத்தை ஏன் உடைத்தீர்கள் என்று தலைவர் கேட்டார். "தளம் பிழை. பிழை என்ர," என்றார் மிஸ். கலையரங்கமே வேண்டாம் என்று முன்பு சொன்னவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "துறைத் தலைவர் பார்த்து ஒப்புதல் கொடுத்திருக்கணுமே? கொடுத்தாரா?" கோப்பு மூடி மேசைமேல் இருந்தது. அதன்மேல் மிஸ் தன் உள்ளங்கையை வைத்தார். "கட்டினது நான். கட்டினவளைக் கேளுங்கோ," என்றார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். என் கையெழுத்து அவர் கைக்குக் கீழே இருந்தது. வாயைத் திறந்திருந்தால் அரை நிமிட வேலை. நான் திறக்கவில்லை. முப்பது வருடத்தில் ஒரு வேலையைக்கூட இரண்டாம் தடவை செய்யாதவர் என்று பெயர் எடுத்தவரின் பேரில், அன்று கூட்டக் குறிப்பில் தவறு பதிவாயிற்று.

வெளியே வந்து, "ஏன் மிஸ் இப்படிச் செஞ்சீங்க?" என்றேன். குரல் எனக்கே சகிக்கவில்லை. "உங்கட பேர் கெட்டால் மேடை போயிடும், மாஸ்டர். மேடை வேண்டாமெண்டு சொல்லுறவைக்கு அது ஒண்டு போதும். என்ர பேர் கெட்டால் என்ர பேர்தான் கெடும்," என்றார். கொஞ்ச தூரம் நடந்துவிட்டுத் திரும்பி, "ஆனா நீங்க பாத்திருக்க வேணும். நான் மூண்டு தரம் கேட்டனான்," என்றார். அதற்குப் பிறகு சாகும்வரை அதைப் பற்றி அவர் என்னிடம் பேசவே இல்லை.

ஐந்து வாரத்தில் மரத்துக்கு எங்கே போவது? நன்றாகக் காய்ந்த மரம் வேண்டும்; சொல்லிவைத்தால் வர மாதக்கணக்காகும். மிஸ்தான் சிற்றாலயத்தின் பழைய பெஞ்சுகளை நினைவுபடுத்தினார். புதிய நாற்காலிகள் வந்ததால் பின்பக்கக் கொட்டகையில் அடுக்கிக் கிடந்தன. நாற்பது வருடம் காய்ந்த கெட்டி மரம், கரையானின் பல் இறங்காதது. அவற்றைப் பலகையாக இழைத்து, அடியில் கட்டையும் ரப்பரும் கொடுத்தால் மிதிக்கும்போது லேசாக இறங்கிக் கொடுக்கும் தளம் கிடைக்கும். ஆனால் அந்தப் பெஞ்சுகள் சபைக் குடும்பங்கள் இறந்தவர்களின் நினைவாகக் கொடுத்தவை. ஒவ்வொன்றிலும் பெயர்த் தகடு. ஜெபம் செய்த பலகையின்மேல் சலங்கை கட்டி ஆடுவதா என்று ஒரு யுத்தம் வரப்போகிறது என்று நான் கச்சை கட்டி நின்றேன். போதகர் ஒவ்வொரு வீடாகத் தொலைபேசியில் கேட்டார். ஒருவர்கூட மறுக்கவில்லை. தகடுகளை மட்டும் நடைக்கூடத்துச் சுவரில் பதித்துவிடுங்கள் என்றார்கள். நான் கட்டிய கச்சையை அவிழ்க்க வேண்டியதாயிற்று.

யுத்தம் வேறு பக்கத்திலிருந்து வந்தது. தளம் முடிந்து, முதல் ஒத்திகைக்குப் பிள்ளைகளைக் கூப்பிட்டால், அத்தனை பேரும் படிக்கட்டிலேயே நின்றுவிட்டார்கள். பத்துப் பன்னிரண்டு பெண்கள், முக்கால்வாசிப் பேர் இந்துக்கள். "சார், இது சாமி பெஞ்சு சார். செத்தவங்க பேர்ல குடுத்தது. இதுல எப்படிக் கால் வைக்கிறது? பாவம் சார்," என்றாள் கவிதா. முழங்கால் வலிக்காகத்தான் இவ்வளவும் நடந்தது; அவளே ஏறமாட்டேன் என்கிறாள். கிறிஸ்தவர்கள் கொடுத்துவிட்டார்கள், உங்களுக்கு என்ன என்று கத்தினேன். "அவங்க குடுப்பாங்க சார், நாங்க மிதிக்க மாட்டோம்," என்றாள் இன்னொருத்தி. போதகர் வந்து ஜெபம் செய்து, தாராளமாக ஏறலாம் என்றார். ஒருத்தியும் அசையவில்லை. அவரைக் கும்பிட்டுவிட்டு அங்கேயே நின்றார்கள். கால் பட்டால் புத்தகத்தைக்கூடத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற பிள்ளைகள். விழாவுக்கு ஆறு நாள் இருந்தது.

மிஸ்ஸுக்குச் சொல்லி அனுப்பினேன். தடியைத் தட்டிக்கொண்டு வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு மேடை ஏறி நடுவில் நின்றார்.

"பிள்ளையள், இஞ்ச பாருங்கோ. நாப்பது வருசமா சபைச் சனம் இந்தப் பலகையில எதை வச்சுக் குந்தியிருந்தவை?"

போதகர் கூரையைப் பார்த்தார்.

"சொல்லுங்கோ பாப்பம். என்ர குடும்பத்து பெஞ்சும் இதுக்குள்ள இருக்கு. என்ர அப்பா இருந்தவர், அம்மா இருந்தவ, நானும் இருந்தனான். எல்லாரும் ஒண்டைத்தான் வச்சுக் குந்தியிருந்தனாங்கள். உங்கட கால் அதைவிடக் கேவலமோ?"

முதலில் சிரித்தது கவிதாதான். பிறகு எல்லோருக்கும் பற்றிக்கொண்டது. போதகர் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார். பெண்கள் ஒவ்வொருவராகத் தளத்தைத் தொட்டு ஒற்றிக்கொண்டு ஏறினார்கள். கவிதா ஒரு தட்டு தட்டினாள். கான்கிரீட்டில் 'டப்' என்று செத்த சத்தம் வரும். இதில் மேளத்தைத் தொட்டது போல் ஒரு முழக்கம் எழுந்து அரங்கத்தின் கடைசி வரிசைவரை போயிற்று. மிஸ்ஸின் முகத்தில் அன்றுதான் நான் முழுச் சிரிப்பைப் பார்த்தேன். "லிம், கேட்டியளோ?" என்றார். லிம் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். எங்கள் கலையரங்கத்தின் அந்த ஒலி வேறு எந்த அரங்கத்திலும் இல்லை என்று சிங்கப்பூரிலிருந்து வருகிற கலைஞர்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிடும்.

திறப்பு விழா சொன்ன நாளில் நடந்தது. சிற்றாலயத்தில் பாடகர் குழு பாடி முடிக்க, நடைக்கூடம் வழியாக எல்லோரும் கலையரங்கத்துக்கு வந்தார்கள். மிஸ் கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஆடுகிறவர்களின் முகத்தைப் பார்க்காமல் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன்பின் எங்கள் துறையில் சேரும் பிள்ளைகள் வருடத்துக்கு வருடம் கூடினார்கள். கலையரங்கத்தை மூடவேண்டும் என்ற பேச்சை நான் மறுபடி கேட்டதில்லை. கவிதா இப்போது குளுவாங்கில் சொந்தமாக நடனப் பள்ளி வைத்திருக்கிறாள். அவளுடைய முழங்கால்கள் நன்றாக இருக்கின்றன.

மேடை பிழைத்துவிட்டது. மிஸ்ஸின் பெயரில் மட்டும் அந்தக் கறை நின்றுவிட்டது. அவருடைய பிரிவுபசார விழாவில்கூட ஒருவர், "ஒரு மேடைய ரெண்டு தடவ கட்டின ஒரே பொறியாளர்" என்று கேலி செய்தார். "ஓம், ஓம், அது என்ர பிழைதான்," என்று அவரும் சேர்ந்து சிரித்தார். நான் கைதட்டினேன். முதலில் துறைக்கு ஆபத்து என்று வாயை மூடியிருந்தேன். ஆபத்து போன பிறகும் திறக்கவில்லை. சும்மா இருப்பது பழகிவிட்டது, அவ்வளவுதான். குளுவாங்குக்குப் போய் அவரைப் பார்க்கும்போதெல்லாம் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். அவர் தோசை சுடச் சொல்லித் தங்கையை விரட்டுவார், எங்கள் கழிப்பறைக் குழாய்கள் ஒழுகுகின்றனவா என்று கேட்பார், நேரம் போய்விடும்.

இந்த வாரம் பழைய கோப்பிலிருந்து அந்த வரைபடத்தை எடுத்துப் படியெடுத்து, ஒரு கடிதத்தோடு துணைவேந்தர் அலுவலகத்தில் கொடுத்தேன். தளத்தைப் பார்க்கும்படி மிஸ் ராசநாயகம் என்னை மூன்று தடவை கேட்டார், நான் பார்க்காமல் கையெழுத்திட்டேன், மாணவி வலி என்று சொன்னபோதும் கேட்கவில்லை, இதைக் கூட்டக் குறிப்போடு சேர்க்கவேண்டும் என்று எழுதியிருந்தேன். வாங்கிய அதிகாரி, என் பழைய மாணவர், இரண்டு தடவை படித்தார். "சார், இப்ப எதுக்கு சார் இது? அவங்களே போயிட்டாங்க. யாருமே கேக்கலையே," என்றார்.

"அவங்க இருந்தா சேர்க்க விடமாட்டாங்கப்பா," என்றேன்.

மிஸ்ஸின் பொருள்களில் ஏதாவது நினைவுக்கு வேண்டுமா என்று அவர் தங்கை தொலைபேசியில் கேட்டார். ஒன்றும் வேண்டாம் என்றேன். அவரிடம் எனக்குச் சொந்தமானது ஒன்று இருந்தது. அந்தத் தவறில் என் பங்கு. என் மேடைக்காக அத்தனை வருடம் அதை அவர் சுமந்தார், ஒருநாளும் திருப்பி வாங்கிக்கொள்ளச் சொன்னதில்லை. அதை நான் எடுத்துக்கொள்கிறேன். இனி உங்களில் யாராவது அந்த மேடைக் கதையைச் சொல்ல நேர்ந்தால், உடைத்தவர் மிஸ் ராசநாயகம் என்று பெருமையாகச் சொல்லுங்கள். பிழை யாருடையது என்று கேட்டால் என் பெயரைச் சொல்லுங்கள்.